வாய் நசுங்கிய, விரிசல் விட்ட தோட்டா உறைகள்: எதைச் சரிசெய்யலாம், எதைக் கழிக்க வேண்டும்?

வாசகர் கேள்வி, ஜனவரி 6

மறுபடி பவுடரும் புல்லட்டும் போட்டுத் தோட்டாவாக்குவதற்காக 9 மி.மீ. காலி உறைகள் ஒரு வாளி நிறையச் சேர்ந்திருக்கின்றன. நிறைய உறைகளில் வாய் நசுங்கியிருக்கிறது. சிலவற்றின் உடம்பில் ஒடுக்கு. உறையைப் பழைய அளவுக்குச் சுருக்கும் அச்சான சைசிங் டைக்குள் ஒரு முறை போய் வந்தால் எல்லாம் நேராகிவிடும் என்கிறார் ஒருவர். சின்ன ஒடுக்கு இருந்தாலும் தூக்கிப் போடு என்கிறார் இன்னொருவர். யார் சொல்வதைக் கேட்பது?

ஜனவரி 6

இருவர் சொல்வதையும் அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். கேட்க வேண்டிய கேள்வி வேறு: கெட்டுப்போனது வடிவமா, உலோகமா? வடிவம் மட்டும் கெட்டிருந்தால் பெரும்பாலும் மீட்டுவிடலாம். உலோகம் கிழிந்தோ, மெலிந்தோ, அரித்தோ போயிருந்தால் எந்த டையும் அதைத் திருப்பித் தராது.

அடுத்தது, சேதம் எந்த இடத்தில் இருக்கிறது என்பது. சுடும்போது உறையின் மெல்லிய சுவர் விரிந்து, துப்பாக்கியில் தோட்டா உட்காரும் அறையான சேம்பரோடு ஒட்டிக்கொள்கிறது. வாயு பின்னால் வராமல் அடைப்பது அதுதான். அந்தச் சுவரைச் சுற்றிலும் சேம்பரின் எஃகு தாங்குகிறது. அடிப்பகுதிக்கு அந்த வசதி முழுமையாக இல்லை. அடிபட்டால் வெடித்துப் பவுடரைப் பற்றவைக்கும் பிரைமர் உட்காரும் குழி, உறையை வெளியே இழுக்கும் கொக்கியான எக்ஸ்ட்ராக்டர் பிடிக்கும் பள்ளம், சுவர் தடித்து அடியோடு சேரும் இடம், இவை தங்கள் சொந்தத் தடிமனால்தான் அழுத்தத்தைத் தாங்குகின்றன. பல தானியங்கிக் கைத்துப்பாக்கிகளில் தோட்டா ஏறி வரும் சரிவுக்கு நேராக அடிச்சுவரின் ஒரு துண்டு வெளியே தெரிந்துகொண்டே நிற்கும். 9 மி.மீ. லூகருக்கு அமெரிக்கத் தரப்படி உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 35,000 பவுண்டு. ஆகவே வாய்ப்பக்கம் நசுங்கியதைப் பொறுமையாகப் பாருங்கள். அடிப்பக்கம் சந்தேகம் வந்தால் யோசிக்காமல் கழியுங்கள்.

ஜனவரி 6, இரவு

நசுங்கிய வாயைப் பற்றிக் கொஞ்சம் விரிவாக.

துப்பாக்கியிலிருந்து தெறித்து விழும்போது வாயில் சின்னச் சொட்டை விழுவது சகஜம். அதை டையே சரிசெய்துவிடும். கால் பட்டு முட்டை வடிவமாகச் சப்பியதை மட்டும் நேராக டைக்குள் தள்ளாதீர்கள். உதடு உள்பக்கமாக மடிந்துகொள்ளும், அல்லது பிரைமரைத் தள்ளும் ஊசி அதில் இடித்து வளையும். முதலில் கையால் ஓரளவு வட்டமாக்குங்கள். கூம்பு வடிவக் கம்பி ஒன்று போதும். மூக்குக் குறட்டை மூடிய நிலையில் வாய்க்குள் விட்டு மெதுவாகச் சுழற்றினாலும் வரும். குறட்டை உள்ளே விரித்துப் பிளக்காதீர்கள், அது ஒரே இடத்தில் அழுத்திப் புதிதாக ஒரு மடிப்பை உண்டாக்கும்.

அதன் பிறகு டை. அதன் பிறகு புல்லட், அதாவது பறந்து போகும் குண்டு, நுழைவதற்காக வாயை விரிக்கும் கட்டம். வாயை விரித்த உடனே இன்னொரு முறை பாருங்கள். நசுங்கி மீண்ட உறையில் ஒளிந்திருக்கும் விரிசல் அந்த நேரத்தில்தான் வாய் திறக்கும். டையை இயக்கும் பிரஸ்ஸின் வேகத்துக்கு ஓடுகிறவர்கள் தவறவிடுவது இந்தப் பார்வையைத்தான்.

உடம்பில் விழுந்த ஒடுக்கு: விரலால் தடவும்போது வழவழப்பாக, ஆழமில்லாமல் இருந்தால் வைத்துக்கொள்ளலாம். அடுத்த முறை சுடும்போது அழுத்தமே அதை வெளியே தள்ளிவிடும். கூர்மையான மடிப்புக் கோடு விழுந்திருந்தால் உலோகம் அங்கே மடங்கி இறுகிவிட்டது என்று பொருள். அது கழிவு.

ஜனவரி 8

".38 ஸ்பெஷலில் வாய் லேசாக விரிசல் விட்ட உறைகளைச் சுட்டுக்கொண்டுதான் இருக்கிறேன், ஒன்றும் ஆகவில்லை" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். ஒன்றும் ஆகாமல் இருந்திருக்கலாம், அதை மறுக்கவில்லை. ரிவால்வர் தோட்டாவான .38 ஸ்பெஷலின் உச்சம் 17,000 பவுண்டுதான், 9 மி.மீ.யில் ஏறக்குறையப் பாதி. உறை வெடித்துச் சிதறும் என்று பயமுறுத்த வரவில்லை.

பிரச்சினை வேறு இடத்தில் இருக்கிறது. புல்லட்டைப் பிடித்துவைப்பது வாயின் இறுக்கம். விரிசல் விட்ட வாய்க்கு அந்த இறுக்கம் இல்லை. ரிவால்வரில் ஒரு தோட்டா வெடிக்கும் உதைப்பில், பக்கத்து அறைகளில் காத்திருக்கும் தோட்டாக்களின் புல்லட்டுகள் முன்னால் நழுவும். ஒன்று சிலிண்டருக்கு வெளியே நீட்டிக்கொண்டால் சிலிண்டர் சுழலாது. தானியங்கியில் நடப்பது இதற்கு நேர்மாறு, அதிக ஆபத்தும் அதில்தான். மேகஸினிலிருந்து ஏறும்போது புல்லட் சரிவில் முட்டி உறைக்குள் தள்ளப்படும். பவுடர் எரியும் இடம் குறையும். 9 மி.மீ. போன்ற சின்ன உறையில் இடம் கொஞ்சம் குறைந்தாலே அழுத்தம் செங்குத்தாக ஏறும். இது போதாதென்று, விரிசல் வழியாகப் பீய்ச்சும் வாயு திரும்பத் திரும்ப ஒரே இடத்தில் பட்டால் சேம்பரின் சுவரையும் அரிக்கும்.

ஒரு காலி உறையை மிச்சப்படுத்த ஒரு துப்பாக்கியைப் பணயம் வைப்பது எந்தக் கணக்கிலும் சேராது. விரிசல் என்றால் கழிவு. நீளம் எவ்வளவு என்று அளக்க வேண்டாம்.

ஜனவரி 9

ஏன் வாயில் விரிசல் விடுகிறது என்று கேட்டிருக்கிறார்கள். தோட்டா உறைக்கான பித்தளை 70 பங்கு செம்பு, 30 பங்கு துத்தநாகம். இந்தக் கலவை நன்றாக நீளும், ஆனால் ஒவ்வொரு முறை வளையும்போதும் கடினமாகிறது. இரும்புக் கம்பியை ஒரே இடத்தில் வளைத்து வளைத்து நிமிர்த்தினால் ஒடிவதைப் போலத்தான். வாய் ஒரு சுற்றில் எத்தனை முறை அசைகிறது என்று பாருங்கள்: சுடும்போது விரிகிறது, டையில் சுருங்குகிறது, புல்லட்டுக்காக விரிகிறது, புல்லட்டைப் பிடித்துவைக்க வாயை இறுக்கும் கிரிம்ப்பில் மறுபடி சுருங்குகிறது.

இதில் நம் கையில் இருப்பவை கடைசி இரண்டு. புல்லட் சரியாமல் உட்கார எவ்வளவு விரிவு தேவையோ அவ்வளவுதான் விரியுங்கள். பார்வைக்கே மணி போல விரிந்து நிற்கிறதென்றால் தேவைக்கு மேல் விரித்துவிட்டீர்கள். கிரிம்ப்பும் அப்படியே. தானியங்கியில் அந்த விரிவை நேராக்கினால் போதும். 9 மி.மீ., .40, .45 ஏ.சி.பி. எல்லாம் சேம்பரில் வாய் முட்டித்தான் நிற்கின்றன. வாயைச் சுருட்டி மடித்துவிட்டால் நிற்பதற்கு ஆதாரமே இல்லை. ரிவால்வரின் கனமான தோட்டாக்களுக்கு வாயைச் சுருட்டும் கிரிம்ப் தேவைப்படுகிறது, அதனால்தான் அந்த உறைகள் வாயில் சீக்கிரம் விரிசல் விடுகின்றன. நிக்கல் பூசியவை இன்னும் சீக்கிரம்.

சூடாக்கி இளக்கினால் வாய் மறுபடி மென்மையாகுமே என்று கேட்கலாம். ரைஃபிள் உறையின் கழுத்துக்கு அதைச் செய்கிறார்கள். கைத்துப்பாக்கி உறை குட்டை, வாய்க்குக் கொடுத்த சூடு கணத்தில் அடிக்கு இறங்கிவிடும். அடி இளகிய உறையைவிட ஆபத்தான உறை கிடையாது. வேண்டாம்.

ஜனவரி 9, பிறகு சேர்த்தது

காதையும் பயன்படுத்துங்கள். நாலைந்து உறைகளை உள்ளங்கையில் போட்டுக் குலுக்கினால் நல்ல உறைகள் கணீரென்று ஒலிக்கும். விரிசல் விட்டது ஒன்று கலந்திருந்தால் மங்கிய சத்தம் கேட்கும். அதைக் கேட்டதும் ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் சுற்றிப் பார்த்தால் அகப்பட்டுவிடும். கண் களைத்த பிறகும் காது ஏமாறுவதில்லை என்பது என் அனுபவம். ஆனால் இது கண்ணுக்குத் துணைதான். அடியில் இருக்கும் சேதம் எதையும் இந்தச் சத்தம் சொல்லாது.

ஜனவரி 13

இப்போது அடிப்பக்கம். ஒருவர் .40 உறைகளின் அடி வீங்கியிருப்பதாகவும், உறையை முழுவதுமாக உள்ளே தள்ளி மறுபக்கம் எடுக்கும் டை வாங்கினால் புதிது போலாகிவிடும் என்றும் எழுதியிருக்கிறார்.

வீக்கம் ஏன் வருகிறது? சாதாரண சைசிங் டை உறையின் முழு நீளத்துக்கும் போவதில்லை, உறையின் விளிம்பைப் பிடித்திருக்கும் ஷெல் ஹோல்டர் தடுப்பதால் அடியில் ஒரு பட்டை தொடப்படாமல் நிற்கும். சேம்பரின் தாங்கல் குறைந்த இடத்தில் சுவர் புடைத்ததும் அதே பட்டையில்தான். தள்ளி எடுக்கும் டை அந்த இடத்தையும் சுருக்குகிறது. லேசான, சீரான வீக்கத்துக்கு அது நல்ல கருவி, நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் "புதிது போல" என்பதில் எனக்கு உடன்பாடில்லை. வெளி விட்டம் பழைய அளவுக்கு வருகிறது, அவ்வளவுதான். புடைத்தபோது இழுபட்டு மெலிந்த சுவர் தடிக்கவில்லை.

அதனால் வீக்கத்தை இரண்டாகப் பிரிக்கிறேன். விரல் நகம் தட்டாத மென்மையான புடைப்பு ஒன்று. பிறை வடிவில் கோடு விழுந்து, நகம் தட்டும் புடைப்பு மற்றது. "ஸ்மைல்" என்று சொல்வார்கள். அந்தக் கோடு தெரிந்தால் டை பக்கமே கொண்டுபோகாதீர்கள். டைக்குள் போய் வந்தால் கோடு மழுங்கிப் பார்வைக்கு மறைந்துவிடும், பலவீனம் அப்படியே இருக்கும். ஆகவே அடியைப் பார்ப்பது எப்போதும் டைக்கு முன்னால்.

விளிம்பு துருத்திய ரிவால்வர் உறைகள் இந்த டை வழியாகப் போகாது. 9 மி.மீ. லூகர் உறை அடியிலிருந்து வாய்க்குச் சற்றே குறுகுவது, அதையும் .40 மாதிரி நேர்க்குழாயாக நினைத்துத் தள்ளக் கூடாது.

ஜனவரி 15

பிரைமர் குழி. இதை விரல்தான் சொல்லும். பிரைமரை அழுத்தும்போது ஒரு சீரான எதிர்ப்பு இருக்க வேண்டும். வெண்ணெயில் போவது போல இறங்கினால் குழி விரிந்துவிட்டது. அந்த உறை எத்தனை அழகாக இருந்தாலும் கழிவுதான். பிரைமரைச் சுற்றி வாயு கசிந்தால் துப்பாக்கியின் பின் முகத்தில் வட்டமாக அரிப்பு விழும். சுட்ட உறையில் பிரைமரைச் சுற்றிக் கருப்பு வளையம் தெரிந்தால் அதையும் தனியாக எடுத்து வையுங்கள்.

ஒரே பவுடர் அளவில் கட்டிய பல உறைகளின் குழி ஒன்றாகத் தளர்ந்தால் உறைகளை மட்டும் மாற்றிவிட்டுத் தொடராதீர்கள். அழுத்தம் அதிகம் என்று துப்பாக்கி சொல்கிறது. அளவுக் கையேட்டை எடுத்து, பவுடர் அளவை முதலிலிருந்து சரிபார்க்க வேண்டும்.

நேர்மாறாகப் பிரைமர் உள்ளேயே போகவில்லை என்றால் அது சேதம் ஆகாது. ராணுவ உறைகளில் பிரைமர் நழுவாதபடி குழியின் விளிம்பை நெரித்திருப்பார்கள். அந்த நெரிப்பைச் சீவியோ அழுத்தியோ எடுத்துவிட்டால் நல்ல உறைதான். .45 ஏ.சி.பி.யில் இன்னொன்று: பெரிய குழி, சின்னக் குழி இரண்டும் புழக்கத்தில் இருக்கின்றன. 5.33 மி.மீ. பிரைமரை 4.45 மி.மீ. குழியில் அழுத்திக்கொண்டு "உறை கெட்டுவிட்டது" என்று நினைக்காதீர்கள். பலத்தைக் கூட்டி அழுத்தவும் வேண்டாம், பிரைமர் வெடிக்கக்கூடியது.

ஜனவரி 19

சுத்தம் செய்யும்போதே உறையைக் கெடுப்பவர்களுக்காக இது.

அம்மோனியா கலந்த பித்தளைப் பாலீஷ் வேண்டவே வேண்டாம். 19-ஆம் நூற்றாண்டில் இந்தியாவில் இருந்த பிரிட்டிஷ் படைகளின் தோட்டா உறைகள், மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் சேமித்திருந்தபோது, சுடாமலே விரிசல் விட்டுப்போயின. 1921-இல்தான் காரணம் தெளிவானது: உறையை இழுத்து உருவாக்கும்போது உலோகத்தில் தங்கிய இழுவிசையும், குதிரைச் சிறுநீரிலிருந்து வந்த அம்மோனியாவும் ஈரமும் சேர்ந்த வேலை அது. நம் உறைகளிலும் அந்த இழுவிசை இருக்கிறது, ஒவ்வொரு சுற்றிலும் நாமே அதை ஏற்றுகிறோம். பளபளப்புக்காக அம்மோனியாவைச் சேர்க்க வேண்டாம்.

அமிலத்தில் அதிக நேரம் ஊறவிட்டால் உறை இளஞ்சிவப்பாக மாறும். மேல்தோலில் துத்தநாகம் கரைந்து செம்பு நிற்கிறது. லேசாக நிறம் மாறியதென்றால் மேலோட்டமானதாக இருக்கலாம். திட்டுத் திட்டாக ஊடுருவியிருந்தால் நான் வைத்துக்கொள்வதில்லை. பச்சைக் களிம்பும் அப்படித்தான்: துடைத்த பிறகு அடியில் வழவழப்பான பித்தளை தெரிந்தால் சரி, ஊசி குத்தியது போலக் குழிகள் தெரிந்தால் கழிவு. கருத்துப்போனது மட்டும் குறையே இல்லை.

அரைத்த மக்காச்சோளத் தக்கையில் உருட்டுபவர்கள் அந்தத் தூசியில் ஈயம் இருப்பதை மறக்க வேண்டாம். பெரும்பாலான பிரைமர்களில் ஈயச் சேர்மம் உண்டு, அதன் எச்சம் தூசியோடு கிளம்புகிறது. முகமூடி, கையுறை, திறந்த வெளி. சாப்பிடும் இடத்தில் இந்த வேலை கூடாது, வீட்டில் குழந்தைகள் இருந்தால் உடுப்பையும் மாற்றிக்கொள்ளுங்கள். எஃகு ஊசிகளோடு தண்ணீரில் உருட்டினால் தூசி இல்லை. ஆனால் தேவைக்கு மேல் ஓடவிட்டால் உறைகள் ஒன்றோடொன்று மோதி வாயின் ஓரம் சுத்தியலால் தட்டியது போலத் தடிக்கும்.

ஜனவரி 24

முதல் நாள் "வடிவமா, உலோகமா" என்று கேட்கச் சொன்னேன். அந்தக் கேள்வியில் அகப்படாத ஒன்று உண்டு, அதையும் எழுதிவிட வேண்டும். சில 9 மி.மீ. உறைகளின் உள்ளே, சுவரின் பாதியில், ஒரு படி இருக்கும். படிக்குக் கீழே சுவர் தடிமன், மேலே மெல்லியது. வெளியிலிருந்து எந்தக் குறையும் தெரியாது, தயாரிப்பே அப்படி. உள்ளே இடம் குறைவு என்பதால் அதே பவுடர் அளவுக்கு அழுத்தம் கூடும். தடிமன் சட்டென்று மாறும் அந்தப் படியில்தான் உறை இரண்டாகப் பிரியும். வாய் வழியாக வெளிச்சம் அடித்துப் பார்த்தால் வளையமாகத் தெரியும். ஒரு நண்பர் கொடுத்த கலப்பு மூட்டையில் இவை எக்கச்சக்கமாக இருந்தன. இப்போது வெளியிலிருந்து வரும் உறை எதுவானாலும் டார்ச் இல்லாமல் நான் பிரிப்பதில்லை.

டார்ச் அடிக்கும்போது வேறு சிலவும் பிடிபடும். அடியில் நடுவே ஒரு துளைக்குப் பதில் இரண்டு சின்னத் துளைகள் இருந்தால் நம் ஊசி உடையும், எடுத்து வையுங்கள். .40 உறைக்குள் 9 மி.மீ. உறை செருகிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். உள்ளே அடைத்த கூழாங்கல்லும் உண்டு. 9 மி.மீ. குவியலில் .380 உறை ஒளிந்துகொள்வது பெரிய தொல்லை. அது ஏறக்குறைய 2 மி.மீ. குட்டை, மேசையில் நிற்கவைத்துப் பக்கவாட்டில் பார்த்தால் மாட்டிக்கொள்ளும்.

ஜனவரி 27

விளிம்பைப் பற்றிக் கேட்டவருக்குச் சுருக்கமாக. எக்ஸ்ட்ராக்டர் பிறாண்டிய பிசிறு ஷெல் ஹோல்டரில் நுழைய விடாவிட்டால் நுண் அரத்தால் இரண்டு இழுப்பு போதும். விளிம்பே வளைந்திருந்தால், அல்லது ஒரு துண்டு பிய்ந்திருந்தால் கழிவு.

பிப்ரவரி 2

"தோட்டாவாக்கி முடித்த பிறகு விரிசல் தெரிந்தது, சுட்டுத் தீர்த்துவிடலாமா?" வேண்டாம், பிரியுங்கள். சுத்தியல் வடிவில் இருக்கும் புல்லட் பிரிப்பான் போதும். கண்ணாடி அணிந்து, உறுதியான கட்டையில், தயாரிப்பாளர் கொடுத்த பிடிப்பானோடு மட்டும் தட்டுங்கள். மாற்றுப் பிடிப்பான் போட்டுத் தட்டியதில் பிரைமர் வெடித்த கதைகள் உண்டு. கொட்டிய பவுடர் எது என்று உறுதியாகத் தெரியாவிட்டால் டப்பாவில் திருப்பிப் போடாதீர்கள். உயிருள்ள பிரைமரோடு நிற்கும் காலி உறையைப் பழைய உறைகளோடு ஒருபோதும் கலக்காதீர்கள்.

இந்த நிலைமை வராமலிருக்க, முடித்த ஒவ்வொரு தோட்டாவையும் அளவுக் குழாயில் அல்லது கழற்றிய குழலின் சேம்பரில் போட்டுப் பார்க்கிறேன். தானாக விழுந்து உட்கார்ந்து, கவிழ்த்தால் தானாக வெளியே வர வேண்டும். தள்ள வேண்டியிருந்தால் காரணம் தெரியும்வரை தனி.

பிப்ரவரி 3

.357 மேக்னம் உறையில் வாய் மட்டும் வெடித்தால் அதை வெட்டி .38 ஸ்பெஷலாக்கலாமா என்ற கேள்வி. கணக்குப்படி வரும்: 32.77 மி.மீ.யிலிருந்து 29.34. வெட்டிய பிறகு விரிசல் மிஞ்சாது என்றும் வைத்துக்கொள்வோம். நான் இரண்டு காரணங்களுக்காகச் செய்ய மாட்டேன். சுவர் கீழே போகப் போகத் தடிக்கிறது, நீளமான அடி கொண்ட புல்லட் அந்தத் தடித்த இடத்தில் அமர்ந்து உறையைப் புடைக்கவைக்கும். இரண்டாவது, அடியில் இன்னமும் .357 என்றே பொறித்திருக்கும். என்றாவது அதை யாராவது எடுத்து, முத்திரையை நம்பி, மேக்னம் அளவு பவுடரை அந்தக் குட்டை உறையில் போடக்கூடும். என் மேசையைப் பின்னால் யார் திறப்பார்கள் என்று எனக்குத் தெரியாது.

9 மி.மீ.யில் இந்தக் கேள்விக்கே இடமில்லை. வாய் முட்டி நிற்கும் உறையைக் குட்டையாக்க முடியாது. அவை பல முறை சுட்ட பிறகு தாமாகவே சற்றுக் குட்டையாகத்தான் ஆகின்றன.

பிப்ரவரி 11

கழித்ததை என்ன செய்வது என்று இருவர் கேட்டிருக்கிறார்கள். கழித்த அதே நிமிடம் குறட்டால் வாயை முழுவதும் நசுக்கிவிடுங்கள். "அப்புறம் பார்க்கலாம்" என்று தனி டப்பாவில் முழுசாகப் போட்டால் ஏதோ ஒரு நாள் அது நல்ல குவியலுக்குத் திரும்பிவிடும். பழைய உலோகம் வாங்குபவர்களிடம் கொடுப்பதற்கு முன் இன்னும் வெடிக்காத பிரைமர் ஒன்றும் இல்லை என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள், உருக்கும் உலையருகே நிற்பவர் ஒரு மனிதர். நிக்கல் பூசியதையும் அலுமினிய உறையையும் பித்தளையோடு சேர்க்காமல் பிரித்துக் கொடுத்தால் மறுக்காமல் வாங்கிக்கொள்வார்கள்.